செலு ராம்

செலு ராம் (1905 - ஏப்ரல் 20, 1943) இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் போர்முனையில் உயிர்நீத்த இந்தியப் படைவீரர் ஆவார். இவர் இன்றைய அரியானா மாநிலத்தின் பிவானி மாவட்டத்திலுள்ள தினோத் என்னும் ஊரில் பிறந்தார். 6ஆவது ராஜபுதனா ரைபிள்ஸ் படைப்பிரிவின் 4ஆவது பட்டாலியனில் கம்பெனி அவில்தார் மேஜராகப் பணியாற்றினார்.

இறுதிப் போர்

பாலைவனப் போரில் தோற்றுப் பின்வாங்கிய செருமானிய, இத்தாலியப் படைகள் துனீசியக் குன்றுகளில் நிலைகொண்டன. 1943 ஏப்ரல் 19 இரவு இந்தியப் படையினர் ஜெபல் கார்சி குன்றைத் தாக்கினர். இயந்திரத் துப்பாக்கி நிலையொன்று அவர்களைத் தடுத்தபோது, செலு ராம் முன்னே பாய்ந்து அதனை வீழ்த்தினார். படுகாயமுற்ற கம்பெனித் தளபதிக்கு உதவச் சென்றபோது தாமும் காயமடைந்தார். எனினும் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எதிரிகள் திருப்பித் தாக்கினர். தோட்டாக்கள் குறைந்து கைகலப்பு மூண்டது. மீண்டும் படுகாயமுற்றபோதும் களத்தை விட்டுத் தம்மை அகற்றச் சம்மதிக்கவில்லை. சில நிமிடங்களில் இறக்கும் வரை வீரர்களை ஊக்கப்படுத்தினார்.

விருது

மறைவிற்குப் பின் இவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. இவரது உடல் துனீசியாவின் சுபாக்சு போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.