வானத்தைக் கண்ணால் அளந்த பட்டாணி சாமந்தர்

வானசாத்திரம் என்றவுடன் மிஷன் கல்லூரிகளிற் பயின்ற நம்மிற் பலருக்குக் கொப்பர்நிக்கஸ், கலிலியோ, நியூற்றன் ஆகியோரின் பெயர்களே முன்வந்து நிற்கும். அவர்கள் பெரியோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், 19ஆம் நூற்றாண்டில், இன்று ஒடிசா என வழங்கும் ஒரிசா நாட்டிலே, தூரதரிசினியின்றி, ஆங்கிலக் கல்வியுமின்றி, மூங்கிலையும் மரத்துண்டுகளையுங் கொண்டு வானத்தை அளந்த ஒருவரை நாம் அறியாதிருத்தல் பெருங்குறையாகும். அவரே பட்டாணி சாமந்தர் எனப்படும் சாமந்த சந்திரசேகரர்.

கண்டபாரா என்னும் சிறிய அரசில், அரச குடும்பக் கிளையொன்றிலே, 1835ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 13ஆந் திகதி அவர் பிறந்தார். முன்பிறந்த மக்களை இழந்திருந்த பெற்றோர், இக்குழந்தையேனும் நிலைக்கவேண்டுமென்று அதனை ஒரு முஸ்லிம் பக்கீருக்குக் கொடுத்து மீளப் பெற்றனர் என்பர். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் தமிழரிடையும் உண்டன்றோ? பட்டாணி என்னும் பெயர் அவ்வாறு வந்ததே.

அவருக்குப் பத்து வயதளவில் உறவினரான பெரியவர் ஒருவர் சிறிது சோதிடங் கற்பித்து, இரவிலே சில நட்சத்திரங்களையுஞ் சுட்டிக் காட்டினார். அன்று தொடங்கிய பார்வை இறுதிவரை வானத்தை விட்டு அகலவில்லை. குடும்பத்தாரிடம் இருந்த ஏட்டுச் சுவடிகளே அவருக்குக் கல்லூரியாயின. லீலாவதி, சூரிய சித்தாந்தம் முதலிய வடமொழி நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார்.

பதினைந்து வயதளவில் அந்நூல்கள் கூறியபடி கோள்களின் நிலைகளைக் கணித்துப் பார்த்தார். அப்பொழுது அவருக்கு ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. கணக்கு ஓரிடத்தைக் காட்ட, கோள் வேறோரிடத்தில் நின்றது. கணக்கிற் பிழை இல்லை. கண்ணிலும் பிழை இல்லை. அங்ஙனமாயின், தாம் தெய்வமாகப் போற்றிய நூல்கள் பொய்யோ? இத்தகைய நிலையில் ஒருவர் நூலைப் பற்றிக்கொண்டு வானத்தை மறப்பர். வேறொருவர் வானத்தை நம்பி நூலை எறிந்துவிடுவர். சாமந்தர் இரண்டையுஞ் செய்திலர். முன்னோர் கண்ட காலத்தில் மிகச் சிறியதாயிருந்த வேறுபாடு, நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெருகி வெளிப்பட்டிருக்கிறது என உணர்ந்தார். முன்னோர் செய்த வேலையைத் தாமும் தொடர்வதே அவர்க்குச் செய்யும் மரியாதை எனத் துணிந்தார்.

அளக்கும் கருவிகள் வேண்டுமே! அவற்றையுந் தாமே செய்தார். அவற்றுட் சிறந்தது மானயந்திரம். ஒரு நீண்ட கோலின் நுனியிலே குறுக்குச் சட்டமொன்றைப் பொருத்தி, அச்சட்டத்திலே கோண அளவுகளுக்கேற்ப அடையாளங்கள் இட்டிருந்தார். கோலின் மறுமுனையைக் கண்ணருகே வைத்து நோக்கின், இரு நட்சத்திரங்களுக்கு இடையேயுள்ள கோணத்தை அறியலாம். எளிய கருவிதான், ஆனால் அதைப் பிடித்த கை நடுங்காதது, நோக்கிய கண் சலியாதது.

சந்திரன் ஒரே கதியிற் செல்வதில்லை. அதன் ஓட்டத்திலுள்ள மூன்று வேறுபாடுகளை, ஐரோப்பிய நூல்களை அறியாமலே, தமது நோக்கினாற் கண்டு திருத்தம் வகுத்தார். இது சிறு காரியமன்று. சந்திரன் பிழைத்தால் திதி பிழைக்கும். திதி பிழைத்தால் விரதமும் விழாவும் உரிய காலந் தவறும்.

பல்லாண்டு உழைப்பின் பயனைச் சித்தாந்த தர்ப்பணம் என்னும் பெயரிலே, ஏறத்தாழ 2,500 வடமொழிச் சுலோகங்களாக, ஒரிய எழுத்திலே பனையோலையில் எழுதினார். 1893இல் அரசினர் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அளித்தனர். கட்டாக் கல்லூரிப் பேராசிரியர் யோகேச சந்திர ராயர், ஓலையிற் கிடந்த அந்நூலை உலகறியச் செய்ய முன்வந்தார்; அவருடைய ஆங்கில முன்னுரையோடு 1899இல் நூல் அச்சேறியது. இங்கிலாந்தின் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழ், தூரதரிசினி தோன்றுமுன் வாழ்ந்த பெருவானியலாளர் தைக்கோ பிராகேயோடு அவரை ஒப்பிட்டது. கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று கொண்டதிலும் இருவரும் ஒத்தனர். அக்கொள்கை நிலைக்கவில்லை, அவர் அளந்த அளவுகள் நிலைத்தன. பூரி ஜகந்நாதர் ஆலயக் கிரியைகளுக்கு அவரது கணிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் பூரியிலேயே 1904ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். இன்று புவனேசுவரத்திலுள்ள கோளரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாறு நமக்குத் தூரத்துக் கதையன்று. வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணித பஞ்சாங்கமா என்னும் வழக்கு நம் வீடுகளில் இன்றும் உண்டு. புதுவருடம் பிறக்கும் நேரமே இரண்டிலும் வேறுபடுகிறது. இளைஞர் நகைக்கின்றனர், முதியோர் மனம் நோகின்றனர். சாமந்தரோ நகைக்கவுமில்லை, கண்ணை மூடிக்கொள்ளவுமில்லை; முற்றத்திலே நின்று மேலே நோக்கினார்.

ஆதலால், பெரியோரிடம் ஒரு விண்ணப்பம்: மேகமற்ற இரவிலே பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, கார்த்திகையையும் திருவாதிரையையும் காட்டுங்கள். இளைஞராகிய நாம், காட்டியதைக் கண்டு அமையாது, அளந்தும் பார்ப்போமாக. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் நீட்டிய சுட்டுவிரலே, பின்னர் ஒரு நாட்டின் பஞ்சாங்கத்தைத் திருத்தியது.