நிஜின்ஸ்கி அமைத்த நடனம்

வாஸ்லாவ் நிஜின்ஸ்கி பாலே நடனத்தில் ஈடற்ற புகழ் பெற்றவர். அவருடைய பெற்றோர் போலந்து மரபைச் சேர்ந்த நடனக் கலைஞர்கள். பீட்டர்ஸ்பர்க் நகரின் அரசு நடனப் பள்ளியில் அவர் பயின்றார். அவர் மேலே தாவினால் காற்றிலேயே சற்று நின்று இறங்குவது போலத் தோன்றுமாம். 1909-இல் தியாகிலெவ் என்பவர் பாரிசுக்கு அழைத்துச் சென்ற குழுவில் ஆடி, அங்குள்ளோரை வியப்பில் ஆழ்த்தினார்.

சில ஆண்டுகளுக்குப்பின், 'வசந்தச் சடங்கு' என்னும் புதிய பாலேயை அமைக்கும் பொறுப்பைத் தியாகிலெவ் அவரிடம் ஒப்புவித்தார். பண்டை ருசியக் குடிகள் வேனிலை வரவேற்று ஒரு கன்னியைப் பலியிடுவதும், அவள் ஆடி ஆடியே உயிர் துறப்பதுமே கதை. இசை ஸ்டிராவின்ஸ்கியுடையது; காட்சிகளையும் உடைகளையும் தீட்டியவர், பிற்காலத்தில் இமயச் சாரலிலுள்ள குலுப் பள்ளத்தாக்கில் குடியேறி வாழ்ந்த ஓவியர் ரோரிக்.

பாலேயில் பாதங்கள் வெளிப்புறமாகத் திரும்பியிருத்தல் மரபு; உடல் பளுவற்றது போல் எழும்புதல் வேண்டும். நிஜின்ஸ்கியோ பாதங்களை உட்புறமாகத் திருப்பி, முதுகை வளைத்து, தரை அதிர மிதிக்குமாறு கூறினார். இளமை முதல் அரும்பாடுபட்டுக் கற்றதை மறக்கச் சொன்னால் யார்தாம் பொறுப்பர்? ஆடுவோர் முணுமுணுத்தனர். இசையின் தாளமோ அடிக்கடி மாறியது. மேரி ராம்பர்ட் என்னும் இளம்பெண் தாளத்தை எண்ணக் கற்பிப்பதில் அவருக்குத் துணை நின்றார். ஒத்திகைகள் நூற்றுக்கு மேல் நடந்தன. கன்னியின் ஆட்டத்தை நிஜின்ஸ்கி தம் தங்கை பிரோனிஸ்லாவாவுக்காகவே அமைத்தார். அவரோ கருவுற்றமையால் ஆட இயலவில்லை. மனம் நொந்த நிஜின்ஸ்கி, மரியா பில்ட்ஸ் என்பவருக்கு அதனை மீண்டும் முதலிலிருந்து கற்பித்தார்.

1913 மே 29-ஆம் நாள் பாரிசில் அரங்கேற்றம். திரை உயர்ந்த சிறிது நேரத்தில் நகைப்பும் கூச்சலும் எழுந்தன. இசை ஆடுவோர் செவிக்கு எட்டவில்லை. நிஜின்ஸ்கி பக்கத்திரைக்குப் பின்னே நாற்காலி மீதேறி நின்று, தாளத்தை ருசிய மொழியில் உரக்க எண்ணினார். அம்மொழியில் பத்துக்கு மேற்பட்ட எண்கள் நீண்ட சொற்களாதலால், விரைந்த தாளத்தோடு அவை ஒட்டவில்லை. ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. இறுதிவரை ஆடி முடித்தனர்.

சில காட்சிகளோடு அந்நடனம் கைவிடப்பட்டது. 1920-இல் அதனை மீண்டும் மேடையேற்ற விழைந்தபோது, அடவுகளை நினைவில் கொண்டிருந்தோர் அரியராயினர். ஆகவே அதே இசைக்கு வேறொருவர் புதிதாக நடனம் அமைத்தார். அதற்கு முன்பே மனநோய் நிஜின்ஸ்கியைப் பற்றியிருந்தது. மேடையில் மீண்டும் ஆடாமலே 1950-இல் இலண்டனில் மறைந்தார். பழைய குறிப்புகளையும் படங்களையும் ஆராய்ந்து, 1987-இல் அமெரிக்காவில் அந்நடனத்தை மீட்டு ஆடினர்.