பைரன் மகளும் டீக்கடை பாக்கியும்: += குழப்புதா? இவரைத் தெரிஞ்சுக்கோங்க!

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம் என்றதும், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர்தான் பலருக்கு ஞாபகம் வருவார். இப்போ பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ ஆபீஸே இருக்கு. கோடிங் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூரத்து விஷயம் இல்லை.

போன சாரல் சீஸனில் அங்கே சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ முடித்த தங்கச்சி, நோட்டில் ஒரே வரியை முறைச்சுக்கிட்டிருந்தாள். எக்ஸ் = எக்ஸ் + 15. ஒரு எண் தன்னைவிட 15 அதிகமா எப்படி இருக்கும்? பள்ளிக்கூடக் கணக்கில் இது தப்பாச்சே! நமக்கு மண்டையில ஏறாதோ என்று அவளுக்குப் பயம் வேற.

உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கா? அப்போ அடா லவ்லேஸின் கதையைக் கேளுங்க.

1815 டிசம்பர் 10-ல் லண்டனில் பிறந்தவர் அடா. அப்பா, புகழ்பெற்ற கவிஞர் பைரன். குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அடாவுக்கு 8 வயதிருக்கும்போது அப்பா கிரேக்கத்தில் இறந்துபோனார். அவருடைய குணம் மகளுக்கும் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், அம்மா சின்ன வயதிலேயே கணக்கைக் கையில் கொடுத்துவிட்டார். 13 வயதில் தட்டம்மை வந்து, மாதக்கணக்கில் படுக்கை. பிறகு ஊன்றுகோலோடுதான் நடை.

1833-ல், 17 வயதில், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜின் கணக்குப் போடும் இயந்திரத்தின் ஒரு பகுதியைப் பார்த்ததும் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. 1835-ல் திருமணம், அடுத்தடுத்து 3 குழந்தைகள். அதற்கப்புறமும் படிப்பை விடவில்லை. 1840 வாக்கில் கடிதம் மூலமா பாடம் சொல்லிக்கொடுத்தவர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம மதுரையில், 1806-ல்! அல்ஜீப்ராவில் அடா பல இடங்களில் மாட்டிக்கொண்டார். புரியாததை வெட்கப்படாமல் எழுதிக் கேட்டார்.

அதற்குள் பாபேஜ், அனலிட்டிகல் என்ஜின் என்ற இன்னும் பெரிய இயந்திரத்தைத் திட்டமிட்டிருந்தார். அதைப் பற்றி இத்தாலியரான மெனாப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை 1843-ல் அடா மொழிபெயர்த்தார். கூடவே சேர்த்த குறிப்புகள், மூலக் கட்டுரையைப்போல சுமார் மூன்று மடங்கு நீளம். போட்ட பெயர், வெறும் மூன்று இனிஷியல்.

நம்ம சந்தேகத்துக்குப் பதில் அதில்தான் இருக்கு. அந்த இயந்திரத்தில் எண்களை வைக்க, சக்கரங்கள் அடுக்கிய தூண்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வி1, வி2 என்று பெயர். அடாவின் அட்டவணையில், என் என்பதன் மதிப்பு 4 என்றால், வி4 தூணில் முதலில் 8 இருக்கும். அதிலிருந்து வி1-ல் உள்ள 1-ஐக் கழித்து, விடை 7-ஐ அதே வி4-லேயே வைக்கணும். தூண் ஒன்று, மதிப்பு இரண்டு. குழப்பம் வராமல் இருக்க, பெயருக்கு இடப்பக்கம் மேலே பொடியா ஓர் எண் போட்டார். பழைய மதிப்புக்கு 1, புதுசுக்கு 2.

இன்றைய மொழியில் அதுதான் வி4 -= வி1.

டீக்கடை பாக்கி நோட்டை நினைச்சுக்கோங்க. 40 ரூபாய் பாக்கி. இன்னொரு டீ, 15 ரூபாய். பாக்கி = பாக்கி + 15. இங்கே = என்றால் சமம் இல்லை. வலப்பக்கத்தை முதலில் கணக்குப் போடு, விடையை இடப்பக்கப் பெயரில் எழுது என்ற கட்டளை. பழைய 40 போய் 55 வரும். இதன் சுருக்கம்தான் பாக்கி += 15. அப்புறம் 50 ரூபாய் கொடுத்தால் பாக்கி -= 50; மிச்சம் 5. இதேபோல *= பெருக்கி வைக்கும், /= வகுத்து வைக்கும், %= வகுத்த மீதியை வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் =+ 15 என்று மாற்றி எழுதினால், சி, பைத்தான் போன்ற மொழிகளில் புரோகிராம் சத்தமில்லாமல் ஓடும். ஆனா பழைய பாக்கி அழிந்து வெறும் 15 நிற்கும். இப்படி ஆகிவிட்டால் நொந்துபோகாதீங்க. அச்சான அடாவின் அட்டவணையிலேயே ஒரு வகுத்தலில் இரண்டு தூண்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

அனலிட்டிகல் என்ஜின் முழுசா கட்டப்படவே இல்லை. தான் எழுதிய கணக்கு ஓடுவதைப் பார்க்காமலே, 1852 நவம்பர் 27-ல், 36 வயதில், அடா புற்றுநோயால் இறந்தார். முகம் நினைவில்லாத அப்பாவின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

1979-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு புரோகிராமிங் மொழிக்கு அடா என்று பெயர் வைத்தது. அந்த மொழியில் += கிடையவே கிடையாது என்பதுதான் வேடிக்கை!

நீங்களும் ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போடுங்க. ஒன்றில் பழைய மதிப்பு, இன்னொன்றில் புது மதிப்பு. ஒவ்வொரு வரிக்கும் நிரப்பிப் பாருங்க. தங்கச்சிக்கு அப்படித்தான் புரிஞ்சுது. மூணாவது வரியிலேயே பேனாவை என்கிட்டேயிருந்து பிடுங்கிக்கிட்டாள்.