டன்லப் என்னும் மிருக வைத்தியர்

சைக்கிள் சக்கரத்தில் டன்லப் என்ற பெயரைக் கண்டிராதவர் நம்மில் சொற்பமே. ஆனால் அப்பெயருக்கு உடையவர் யந்திர நிபுணருமல்லர், ஆலை முதலாளியுமல்லர். குதிரைக்கும் மாட்டுக்கும் சிகிச்சை செய்து ஜீவித்த மிருக வைத்தியர். ஜான் பாய்ட் டன்லப் 1840-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் பிறந்தார். வாலிபத்திலேயே அயர்லாந்தில் குடியேறி, பெல்பாஸ்ட் நகரில் வைத்தியத் தொழிலைச் செழிப்பாக நடத்திவந்தார்.

1887-ல் அவருடைய சிறு மகன், தன் முச்சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்குகிறதென்று முறையிட்டான். அக்காலத்துச் சக்கரங்களில் கட்டி ரப்பரே பூட்டப்பட்டிருந்தது. டன்லப் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று செய்து, அதில் காற்றடைத்து, துணியால் சுற்றி மரத்தட்டொன்றில் பொருத்தினார். முற்றத்தில் உருட்டியபோது அது கட்டி ரப்பர்ச் சக்கரத்தைக் காட்டிலும் வெகுதூரம் ஓடிற்று. மறு வருஷமே பேடண்ட் உரிமை பெற்றார். 1889 மே மாதத்தில் பெல்பாஸ்ட் பந்தயத்திலே வில்லி ஹியூம் என்பவர் இந்தப் பருத்த டயர்களுடன் வந்தபோது ஜனங்கள் நகைத்தார்கள். அவர் வென்றதும் நகைப்பு அடங்கிற்று. டப்ளின் வியாபாரியான ஹார்வி டூ கிராஸ் உடனே கம்பெனி ஒன்று திரட்டினார். டன்லப் தமது உரிமையை அதற்கு மாற்றிக்கொடுத்தார்.

1890-ல் வந்தது இடி. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதே உபாயத்துக்கு உரிமை பெற்றிருந்தது தெரியவந்தது. குதிரை வண்டிகளுக்குச் செய்த அந்த டயர் அதிக விலையினால் மறக்கப்பட்டுப்போயிற்று. தாம்ஸனும் 1873-ல் இறந்துவிட்டார். ஆயினும் டன்லப்பின் பேடண்ட் செல்லாதென்றாயிற்று. இனி யார் வேண்டுமானாலும் காற்று டயர் செய்யலாம்; போட்டி வெள்ளம்போல் புகுந்தது.

போட்டியின் சூட்சுமம் காற்றில் இல்லை, டயரைக் கழற்றுவதில் இருந்தது. டன்லப் செய்த டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டது. முள் குத்தினால் பிரித்து ஒட்டுவதற்குள் பிரயாணியின் பொழுது போய்விடும். வெல்ச் என்பவர் டயரின் ஓரங்களில் கம்பி வைத்தார். பார்ட்லெட் என்பவர் ஓரத்தைச் சக்கர விளிம்பில் கொளுவச் செய்தார். இருவரும் 1890-லேயே உரிமை பெற்றனர். பிரான்ஸில் மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டும் டயர் செய்தனர். அதைப் பூட்டிய சைக்கிளே அவ்வருஷம் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் நெடும் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. டூ கிராஸ் சளைக்கவில்லை. வெல்ச், பார்ட்லெட் உரிமைகளைப் பணங்கொடுத்துத் தம் கம்பெனிக்குச் சேர்த்துக்கொண்டார். உண்மையில் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியவை டன்லப் அல்லாதாருடைய யோசனைகளே. நமது சைக்கிள் கடைகளில் வால் டியூப் மாட்டும் காற்று வால்வும் வுட்ஸ் என்பவர் கண்டுபிடித்ததுதான். அதற்கும் டன்லப் வால்வு என்றே பெயர் வழங்கிற்று!

டன்லப் 1895-ல் கம்பெனியை விட்டு விலகினார். மறு வருஷமே ஹூலி என்ற பங்கு வியாபாரி அதை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, 50 லட்சம் பவுனுக்குப் பொதுமக்களிடம் பங்குகளாக விற்றார். அந்தக் கொள்ளை லாபத்தில் டன்லப்புக்குப் பங்கில்லை. ஹூலியோ 1898-ல் திவாலானார். கம்பெனி மட்டும் வளர்ந்து, 1910 முதல் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களும் வாங்கிற்று. அந்நாட்டுத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரஞ்சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் என்பது நேயர்கள் அறிந்ததே.

முதியவருக்குப் பணத்தைவிட உறுத்தியது வேறு. ஆரம்பத்தில் அவர் கொடுத்திருந்த உருவப்படத்தின் முகத்தை, கம்பெனி தன் விளம்பரங்களில் உயர்ந்த தொப்பியும் கைத்தடியும் கொண்ட ஓர் உல்லாசக்காரனின் உடலில் ஒட்டவைத்தது. அடக்கமாக வாழ்ந்தவர் சகிக்கவில்லை. தம் பெயரைத் தாங்கிய கம்பெனியின்மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1921 அக்டோபர் 23-ந் தேதி, தமது 81-வது வயதில், டப்ளின் நகரில் அவர் காலமானார்.