முதியோரின் தாதி புனித ஜேன் ஜூகான்

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்குக் கரையில், கான்கால் என்னும் மீனவ ஊரிலே 1792 ஒக்டோபர் 25ஆம் திகதி ஜேன் ஜூகான் பிறந்தார். நான்கு வயது நிறையுமுன்னரே தந்தையைக் கடல் கொண்டுவிட்டது. தாய் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ஜேன் இளவயதிலேயே ஒரு பிரபுவின் மாளிகைச் சமையலறையில் வேலைக்கமர்ந்தார்.

1817இல் சென் சேர்வான் நகருக்குச் சென்று, அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஆறு ஆண்டுகள் தாதியாக உழைத்தார். இடமோ நெருக்கடி, நோயாளரோ வறியவர். உடல் தளர்ந்து அவர் அப்பணியை விட நேர்ந்தபோதிலும், அங்கு பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

1839ஆம் ஆண்டின் குளிர்காலம். ஆன் சோவன் என்னும் பார்வையற்ற, பாரிசவாதமுற்ற மூதாட்டி கவனிப்பாரின்றிக் கிடந்தார். 47 வயதான ஜேன் அவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தமது கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, தாம் பரணிலே படுத்துக்கொண்டார். பின்னும் முதியோர் வந்தனர். உதவிக்கு இளம்பெண்களும் சேர்ந்தனர். முன்னர் தெருவில் பிச்சையெடுத்த மூதாட்டிகள் மீண்டும் அதற்குப் போகாதிருக்க, கூடையேந்தி அவர்களுக்காக வீடுவீடாகச் சென்றவர் ஜேன். இவ்வாறு தோன்றியதே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1845இல் பிரெஞ்சுக் கல்விக்கழகம் அவருக்குப் பரிசளித்துக் கௌரவித்தது.

ஆனால் சோதனை உள்ளிருந்தே வந்தது. சகோதரிகள் ஜேனைத் தலைவியாகத் தெரிந்திருந்தும், 1843 டிசம்பரில் லெ பையேர் என்னும் குருவானவர் அத்தெரிவைத் தள்ளி, 23 வயதான மரீ ஜாமேயை நியமித்தார். நாளடைவில் சபையின் ஸ்தாபகர் தாமே என்றார். 1852இல் ஜேன் தலைமை மடத்திற்கு அழைக்கப்பட்டார். வெளியே சென்று தருமம் கேட்பதும் நின்றது.

எஞ்சிய 27 ஆண்டுகளும் இளங்கன்னியர் நடுவிலே கழிந்தன. அவர்களது கைவேலைகளை மேற்பார்வை செய்தார். முதியோரிடம் பொறுமையும் கனிவும் காட்டவும், அவர்களில் கிறிஸ்துவையே காணவும் தம் நடத்தையாலே கற்பித்தார். தமக்குக் கற்பிப்பவரே சபையின் தாய் என்பதைப் பலர் அறியார். அவரும் உரிமை கோரவில்லை. சிலுவையின் மரியாள் என்னும் துறவறப் பெயருடன் 1879 ஓகஸ்ட் 29ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். அப்போது சபையில் ஏறத்தாழ 2400 சகோதரிகள் இருந்தனர்.

உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1890இல் லெ பையேர் பதவி நீக்கப்பட்டு உரோமாபுரிக்கு அழைக்கப்பட்டார். 1982இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் ஜேனை முத்திப்பேறு பெற்றவராகவும், 2009 ஒக்டோபர் 11ஆம் திகதி பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் புனிதராகவும் உயர்த்தினர். அவரது திருநாள் ஓகஸ்ட் 30.

அவரது சகோதரிகள் 1888இல் கொழும்புக்கும் வந்து முதியோரைப் பேணத் தொடங்கினர். முதியோரைக் குளிப்பாட்டவும் மருந்தூட்டவும் பயிற்சி வேண்டும். ஆயின் அவர்களை மதிக்கும் மனமும் உடன்வேண்டும். அம்மனத்தைப் பிள்ளைகள் முதலிலே கற்கும் பள்ளிக்கூடம் நமது வீடேயாகும்.