எட்மண்ட் பியர்நாட்ஸ்கி

ஓர் உண்மையை முதலிற் கண்டவர் ஒருவராகவும், அதனாற் புகழெய்தியவர் மற்றொருவராகவும் இருத்தல் உலகில் அரிதன்று. வைத்திய சாத்திர வரலாற்றில் இதற்குத் தக்க சான்று, போலந்து நாட்டு வைத்தியர் பியர்நாட்ஸ்கியின் வாழ்க்கையாகும்.

இவர் 1866ஆம் ஆண்டில், உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஒபோச்னோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். வார்சா சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, அந்நகரிலேயே பணி மேற்கொண்டார்.

உறையாத இரத்தத்தைக் குழாயில் அசையாது நிறுத்தினால், செவ்வணுக்கள் மெல்லக் கீழே படியும்; தெளிந்த நீர் மேலே நிற்கும். படியும் விரைவை அளந்து, அதனை நோயோடு பொருத்தி நோக்கியவர் பியர்நாட்ஸ்கி. அவ்விரைவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும், ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் மிகும் காய்ச்சல்களில், சிறப்பாகக் கீல்வாதக் காய்ச்சலில், அது மிகும் என்றும் 1897இல் வெளியிட்டார். அப்புரதம் மிகுந்தால், செவ்வணுக்கள் அடுக்கிய நாணயங்களைப் போல ஒன்றோடொன்று சேர்ந்து, விரைந்து வீழ்கின்றன என்பதை இன்று நாம் அறிவோம். உடலில் எங்கோ மறைந்துள்ள அழற்சியைச் சில துளி இரத்தம் உணர்த்திவிடுகின்றது!

வைத்திய அறிவின் இயல்பையும் எல்லையையும் ஆராய்ந்து இவர் ஒரு நூலும் இயற்றினார். நோயை அறியும் ஆற்றல் வளர்ந்த அளவிற்கு, அதனைத் தீர்க்கும் ஆற்றல் வளரவில்லை என்பது இவர் கொண்ட கவலை. 1902இல் லுவூவ் நகரிற்குச் சென்று, ஆங்கே ஆசிரியராகவும் விளங்கினார். 1911இல், தம் 45ஆம் வயதில் காலமானார். அவருடைய சோதனையை அப்பொழுது போற்றினார் சிலரே.

பத்தாண்டுகள் கழிந்தன. 1921இல் சுவீடன் நாட்டினராகிய ஃபோரேயுஸ், வெஸ்டர்கிரென் என்னும் இருவரும் இத்துறையில் தத்தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். ஒரு மணி நேரம் நிறுத்தி அளக்கும் முறைக்கு வெஸ்டர்கிரென் பெயரே உலகெங்கும் நிலைத்தது. போலந்து மக்களோ இன்றும் அதனைப் பியர்நாட்ஸ்கியின் பெயராலேயே வழங்குகின்றனர்.

அம்முறைக்கு ஒரு குறையுண்டு. அழற்சி தணிந்த பின்னரும் ஃபைப்ரினோஜன் விரைவிற் குறைவதில்லை; ஆதலால் அளவும் பல நாள் உயர்ந்தே நிற்கும். நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் நிலையத்தில் 1930இல் கண்டறியப்பட்ட சி-எதிர்வினைப் புரதமோ, அழற்சி எழுந்த சில மணி நேரத்தில் உயர்ந்து, தணிந்தவுடன் விரைந்து குறைகின்றது. விரல்நுனி இரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் அதனை அளக்கும் கருவிகள் இன்று உள்ளன. செவ்வணுக்கள் ஒன்றுசேரும் இயல்பை ஒரு நிமிடத்திற்குள் கணிக்கும் பொறிகளும் உள்ளன.

இவ்விரைவின் பயன் யாது? கொடுத்த மருந்து பலிக்கின்றதா என்பதை, மூட்டுகள் சிதைவதற்கு முன்னரே வைத்தியர் அறிந்து மாற்றிக்கொள்ளலாம். அறிதலுக்கும் தீர்த்தலுக்கும் இடையே பியர்நாட்ஸ்கி கண்ட இடைவெளி இங்ஙனம் சிறிது சிறிதாகக் குறைகின்றது. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் உண்டிலர். உண்ணும் நாம் அவர் பெயரையேனும் அறிந்திருத்தல் கடமையன்றோ?