வாக்கில்லாத வேட்பாளர்

வாக்களிக்க உரிமையில்லாத ஒரு பெண்மணி நாட்டின் தலைமைப் பதவிக்கே போட்டியிட்டார் என்றால் நம் தோழியரில் பலர் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் அது நடந்தது. அவர் நம் ஆசிரியைகளைப் போலப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பது நமக்கு மேலும் மகிழ்ச்சி தருவது.

பெல்வா லாக்வுட் அம்மையார் 1830ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ராயல்டனில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில், அதாவது நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயதில், ஆசிரியையானார். அதே வேலைக்கு ஆண்களுக்கு இரு மடங்கு சம்பளம்! போதகரின் மனைவியிடம் முறையிட்டபோது, உலக வழக்கம் அதுதான் என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பதிலை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

பதினெட்டில் திருமணம்; இருபத்திரண்டில் சிறு குழந்தையுடன் விதவை. மகளைப் பெற்றோரிடம் விட்டுக் கல்லூரி சென்று 1857இல் பட்டம் பெற்றார். பிறகு வாஷிங்டன் நகரில் சட்டம் பயில விரும்பினார். இளைஞர்களின் கவனம் சிதறும் என்று ஒரு கல்லூரி மறுத்தது. இடமளித்த மற்றொன்றோ, படிப்பு முடிந்தபின் பட்டயம் தர மறுத்தது. அக்கல்லூரியின் கௌரவத் தலைவர் குடியரசுத் தலைவர் கிராண்ட். அம்மையார் அவருக்கே கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதினார். 1873இல் பட்டயம் வந்து சேர்ந்தது!

1876இல் உச்ச நீதிமன்றம் பெண் என்பதால் அவரை வழக்காட அனுமதிக்கவில்லை. உறுப்பினர்களை ஓயாமல் சந்தித்து, காங்கிரஸ் சபையில் சட்டமே இயற்றச் செய்து, 1879இல் அந்த மன்றத்தின் முதல் பெண் வழக்கறிஞராக நுழைந்தார். மூன்று சக்கர மிதிவண்டியில் அவர் வாஷிங்டன் வீதிகளில் சென்றதை ஊரே வேடிக்கை பார்த்ததாம்.

1884இல் சம உரிமைக் கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். பெண் வாக்களிக்கத்தான் தடை, வாக்குப் பெறத் தடையில்லை என்பது அவர் வாதம். எவ்வளவு நுட்பமான வாதம்! ஊர்தோறும் ஆண்கள் பெண் வேடமிட்டு ஊர்வலம் போய் அவரைக் கேலி செய்தனர். அதைவிட நமக்கு வருத்தம் தருவது, பெண்ணுரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி அம்மையாரே அவரை ஆதரிக்காதது. வெல்லக்கூடிய கட்சியைச் சார்ந்திருப்பதே பயன் தரும் என அவர் கருதினார். அதையும் தவறென்று நம்மால் எளிதில் சொல்ல முடியவில்லை.

ஆறு மாநிலங்களில் 4,149 வாக்குகள் கிடைத்ததாக அம்மையார் கணக்குக் காட்டினார். பென்சில்வேனியாவில் தமக்கு விழுந்த வாக்குகள் எண்ணப்படாமல் குப்பைக் கூடைக்குப் போயின என்றும் காங்கிரசுக்கு மனுச் செய்தார். அந்த 4,149ம் ஆண்கள் அளித்தவை என்பதை நாம் மறக்கலாகாது. குடியரசுத் தலைவர் தேர்தலில் அன்று எந்த மாநிலத்திலும் பெண்களுக்கு வாக்கில்லை.

1888இல் மீண்டும் நின்றார், தோற்றார். ஆனால் 1906இல், எழுபத்தைந்து வயதில், செரோக்கி பழங்குடியினருக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி, அவர்கள் இழந்த நிலத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் பெற்றுத் தந்தார்.

1917 மே 19 அன்று அவர் காலமானார். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920இல். 1980 முதல் அந்நாட்டின் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிக விகிதத்தில் வாக்களித்துள்ளனர். ஆயினும் 2024 தேர்தல் முடிய ஒரு பெண்மணியும் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.